கணவரின் பாஸ்போர்ட் போதாது! அமெரிக்கக் குடியுரிமைக்கு மனைவி தயாராவது எப்படி?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலர் தாமதமாகவே தெரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. கணவர் அமெரிக்கக் குடிமகன், மனைவி கிரீன் கார்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் தன் அப்பா, அம்மாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். மனைவியின் அப்பா, அம்மாவுக்கு? அந்த மாப்பிள்ளையால் எதுவும் செய்ய முடியாது. மாமனார், மாமியாருக்காக விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இடமில்லை. அதற்கு மகளே குடிமகளாக இருக்க வேண்டும். கிரீன் கார்டில் இருக்கும்வரை அவராலும் பெற்றோரை அழைக்க முடியாது.

'கணவர்தான் சிட்டிசன் ஆச்சே... நமக்கு எதுக்கு அவசரம்?' என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்கள், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும்போதுதான் இதைத் தேட ஆரம்பிக்கிறார்கள். கிரீன் கார்டோடு ஊரில் போய் நீண்ட நாள் தங்கினால், திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே கேள்வி எழும். குடிமகளுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரு காலத்தில் மனைவிக்குத் தனி விண்ணப்பமே தேவைப்படவில்லை. 1855-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியுள்ள வெளிநாட்டுப் பெண் ஒருவர் அமெரிக்கரை மணந்தால் திருமணத்தோடு தானாகவே குடிமகளாகிவிடுவார். மறுபக்கம், 1907-ல் வந்த சட்டப்படி வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் சொந்தக் குடியுரிமையையே இழந்தார். 1922-ல் வந்த கேபிள் சட்டம்தான் மனைவியின் குடியுரிமையைக் கணவரிடமிருந்து பிரிக்கத் தொடங்கியது. இந்தியர்களுக்கோ 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவை அடைத்தது. 1946-ல் வந்த லூஸ்-செல்லர் சட்டம் அதைத் திறந்தது.

இன்று விண்ணப்பம், நேர்காணல், தேர்வு, உறுதிமொழி என எல்லாம் மனைவியின் பெயரில்தான். கணவர் துணைக்கு வரலாம். அவருக்குப் பதிலாகப் பதில் சொல்ல முடியாது. மனைவி குடிமகளாகவும் கணவர் கிரீன் கார்டிலும் இருக்கும் வீடுகளுக்கும் கீழே உள்ளவை அப்படியே பொருந்தும்.

மூன்றா, ஐந்தா? முதலில் கணக்கு

பொதுவாக கிரீன் கார்டு கிடைத்து 5 ஆண்டுகள் ஆனதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடிமகனின் மனைவி என்றால் 3 ஆண்டுகள் போதும். ஆனால், இந்தச் சலுகையில் மூன்று நிபந்தனைகள் சேர்ந்தே வரும். கிரீன் கார்டு கிடைத்து 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகளும் கணவன், மனைவியாக ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகளும் கணவர் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, மனைவிக்கு 2021 ஜனவரியில் கிரீன் கார்டு கிடைத்தது, கணவர் 2023 ஜனவரியில் குடிமகனானார் என்றால், மூன்றாண்டுக் கணக்கு முடிவது 2026 ஜனவரியில்தான். அப்போது மனைவிக்கு ஐந்தாண்டுகளே முடிந்துவிடும். அந்த நிலையில் ஐந்தாண்டு வழியில் போவதே எளிது. திருமண வாழ்க்கைக்கான ஆதாரங்களை அடுக்கிக் காட்டும் வேலை அதில் இல்லை.

கிரீன் கார்டின் காலம் முழுமையாக முடிவதற்கு 90 நாள்களுக்கு முன்பே விண்ணப்பிக்க அனுமதி உண்டு. மூன்றாண்டு வழியில் வருபவர்கள் மட்டும், மணவாழ்வும் கணவரின் குடியுரிமையும் மூன்று ஆண்டுகள் நிறைந்த பிறகு அனுப்புவது பாதுகாப்பானது.

இன்னொன்று. திருமணமாகி 2 ஆண்டுகள் முடியும் முன்பே கிரீன் கார்டு கிடைத்திருந்தால், அது 2 ஆண்டுகளுக்கான நிபந்தனைக் கார்டு. அது காலாவதியாகும் முன் வரும் 90 நாள்களுக்குள் ஐ-751 படிவத்தை அனுப்பி நிபந்தனையை நீக்க வேண்டும். அந்த முடிவு வரும் முன்பே குடியுரிமை நேர்காணல் வந்துவிடுவதும் உண்டு. அப்படியானால் கணவரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். இரண்டையும் சேர்த்தே விசாரிக்கலாம்.

தாய்வீட்டுப் பயணமும் நாள் கணக்கும்

சீமந்தம் முடிந்து தாய்வீடு போய், குழந்தை பிறந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புவது நம் வழக்கம். குடியுரிமைக் கணக்கில் இது பெரிய விஷயம்.

மூன்றாண்டு வழியில் குறைந்தது 18 மாதங்களும், ஐந்தாண்டு வழியில் குறைந்தது 30 மாதங்களும் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். இது மொத்தக் கணக்கு. இதைத் தவிர ஒவ்வொரு பயணத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒரே பயணம் 6 மாதங்களைத் தாண்டினால், தொடர்ந்து வசித்த காலம் அறுந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். வீடு, வேலை, கணவர், வங்கிக் கணக்கு எல்லாம் இங்கேயேதான் இருந்தன என்று ஆதாரத்தோடு காட்டி அதை மாற்ற முடியும். ஓராண்டைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்ததுதான். மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு அது கிரீன் கார்டைத்தான் காக்கும். குடியுரிமைக்கான நாள் கணக்கைக் காக்காது.

எனவே, முதல் வேலையாகப் பழைய, புதிய பாஸ்போர்ட்டுகள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, எந்தத் தேதியில் கிளம்பினோம், எந்தத் தேதியில் திரும்பினோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முத்திரை மங்கியிருந்தால் மின்னஞ்சலில் உள்ள விமான டிக்கெட்டைத் தேடுங்கள். நேர்காணலில் அதிகம் கேட்கப்படுபவற்றில் பயண விவரமும் ஒன்று.

பெயரும் இனிஷியலும்

தமிழர்களுக்கென்றே வரும் சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், திருமணப் பதிவுச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல், அமெரிக்காவின் ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர் என்று ஒருவருக்கே நான்கு பெயர்கள் இருக்கும். விண்ணப்பத்தில் இதுவரை பயன்படுத்திய வேறு பெயர்களைக் கேட்கும் இடத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். மறைக்க இதில் எதுவுமில்லை. எழுதாமல் விட்டால்தான் கேள்வி வரும்.

பெயரை மாற்றிக்கொள்ள விரும்பினால் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம். உறுதிமொழி நீதிமன்றத்தில் நடந்தால்தான் அந்த மாற்றம் நிறைவேறும். திருமணச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்?

குடியுரிமை விண்ணப்பப் படிவத்தின் பெயர் என்-400. 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி இணையத்தில் அனுப்பினால் 710 டாலர், தாளில் அனுப்பினால் 760 டாலர். வருமானம் குறைவான குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அனுப்பும் நாளில் யு.எஸ்.சி.ஐ.எஸ். இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாண்டு வழியில் வருபவர்கள் சேகரிக்க வேண்டியவை:

* கிரீன் கார்டு, எல்லா பாஸ்போர்ட்டுகள், ஓட்டுநர் உரிமம், நேர்காணல் அழைப்புக் கடிதம்.
* திருமணச் சான்றிதழ். இருவரில் யாருக்காவது முன்பே திருமணமாகியிருந்தால் அது முடிந்ததற்கான விவாகரத்து ஆணை அல்லது இறப்புச் சான்றிதழ்.
* கணவரின் குடியுரிமைக்குச் சான்று: அமெரிக்கப் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் அல்லது குடியுரிமைச் சான்றிதழ்.
* கடந்த 3 ஆண்டுகளுக்கான வருமான வரி விவரம். வரித்துறையிடமிருந்தே இதன் பிரதியை இலவசமாகப் பெறலாம்.
* சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரங்கள்: வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன் பத்திரம், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீடு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்.
* எப்போதாவது கைது, வழக்கு என்று ஏதாவது இருந்திருந்தால், தள்ளுபடி ஆகியிருந்தாலும், நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல்.

இந்தப் பட்டியலில் மனைவி பெயரே இல்லாத வீடுகள் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், கார், வங்கிக் கணக்கு எல்லாம் கணவர் பெயரில் மட்டும். விண்ணப்பிக்கும் மாதத்தில் அவசரமாகச் சேர்ப்பதைவிட, கிரீன் கார்டு கையில் வந்த வாரமே மனைவி பெயரையும் சேர்த்துவிடுவது நல்லது. குடியுரிமைக்கு மட்டுமல்ல, அவருடைய பாதுகாப்புக்கும்தான்.

அறைக்குள் என்ன நடக்கும்?

விண்ணப்பித்த பிறகு, அழைத்தால் கைரேகை கொடுக்கச் செல்ல வேண்டும். அதன்பின் நேர்காணல். அதிகாரி முதலில் எழுந்து நிற்கச் சொல்லி, உண்மையே சொல்வேன் என்று வலது கையை உயர்த்தி உறுதி தரச் சொல்வார். பிறகு விண்ணப்பத்தைத் திறந்து கேள்வி கேட்பார். முகவரி, வேலை, பயணம், திருமணத் தேதி, குழந்தைகள்... அவர் கேட்பதைப் புரிந்துகொண்டு நீங்கள் பதில் சொல்வதே ஆங்கிலம் பேசும் தேர்வு. தனியாகப் பேச்சுத் தேர்வு கிடையாது. புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம். அதில் தவறே இல்லை. புரியாமலே 'எஸ்' என்று தலையாட்டுவதுதான் ஆபத்து.

ஏனென்றால் படிவத்தின் பின்பாதியில் 'எப்போதாவது...' என்று தொடங்கும் நீண்ட கேள்வி வரிசை இருக்கிறது. எப்போதாவது அமெரிக்கக் குடிமகள் என்று சொல்லிக்கொண்டது உண்டா? எப்போதாவது அமெரிக்கத் தேர்தலில் ஓட்டுப் போட்டது உண்டா, வாக்காளராகப் பதிந்தது உண்டா? ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பதிவையும் கேட்பார்கள். அவசரத்தில் அங்கே 'ஆம்' என்று டிக் அடித்தவர்கள் இந்த இடத்தில் சிக்கிக்கொள்வார்கள். அப்படி ஏதும் நடந்திருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தது உண்டா என்ற கேள்வியும் உண்டு. நம் ஊரில் கம்யூனிஸ்ட் கட்சிகள் தேர்தலில் நிற்கும் சாதாரணக் கட்சிகள்; கல்லூரி நாளில் உறுப்பினர் அட்டை வாங்கியவர்கள் இருப்பார்கள். அமெரிக்கச் சட்டமோ விண்ணப்பத்துக்கு முந்தைய 10 ஆண்டுகளில் அந்த உறுப்பினர் பொறுப்பு இருந்ததா என்று பார்க்கிறது. அதற்கு விலக்குகளும் உண்டு. இதிலும் உண்மையைச் சொல்வதும், முன்கூட்டியே சட்ட ஆலோசனை பெறுவதும்தான் வழி. பொய் சொன்னது தெரிந்தால், கிடைத்த குடியுரிமையையே பின்னாளில் பறிக்க முடியும்.

'அலீஜியன்ஸ்', 'ஓத்', 'பேர் ஆர்ம்ஸ்' போன்ற சொற்களுக்குப் பொருள் கேட்கும் அதிகாரிகள் உண்டு. நாட்டுக்கு விசுவாசம், உறுதிமொழி, தேவைப்பட்டால் ஆயுதம் ஏந்துவது என்று பொருளைத் தெரிந்துகொண்டு, அதை எளிய ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்லப் பழகுங்கள்.

வாசிப்புத் தேர்வில் மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும். எழுத்துத் தேர்வில் அதிகாரி சொல்லும் மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக எழுதினால் போதும். இதற்கான சொற்களின் பட்டியல் யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

128 கேள்விகள்... பயம் வேண்டாம்

குடிமையியல் தேர்வு சமீபத்தில் மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு: 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 12 சரியானதும் நிறுத்திவிடுவார்கள். 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய முறை: 100 கேள்விகளிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாக வேண்டும். யூடியூபில் பழைய வீடியோவைப் பார்த்துத் தவறான பட்டியலைப் படித்துவிடாதீர்கள்.

கேள்வியும் பதிலும் முன்பே வெளியிடப்பட்டவைதான். வாயால் கேட்டு வாயால் பதில் சொல்லும் தேர்வு என்பதால் எழுதிப் படிப்பதைவிடச் சொல்லிப் படிப்பதே பயன் தரும். வெறும் மனப்பாடம் நிற்காது என்றால் நம் ஊர்க் கதையோடு கோத்துக்கொள்ளுங்கள். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது, நம் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைதான். 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் பின்னர் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டார். அவருடைய சிலை இன்றும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமையை உறுதி செய்த 19-வது திருத்தம் 1920-ல் வந்தது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு முதன்முதலாக வாக்குரிமை கிடைத்தது அடுத்த ஆண்டே, 1921-ல்.

செனட்டர்கள் 100 பேர், கீழ்ச்சபையில் வாக்குள்ள உறுப்பினர்கள் 435 பேர், அரசியல் சாசனத் திருத்தங்கள் 27 என்ற எண்கள் மாறாதவை. உங்கள் மாநில ஆளுநர், செனட்டர், கீழ்ச்சபைத் தலைவர் போன்றோர் மாறக்கூடியவர்கள். நேர்காணலுக்கு முந்தைய நாள் அந்தப் பெயர்களை மறுபடி பார்த்துவிடுங்கள்.

ஒரு பகுதியில் தவறினாலும் கதை முடிந்துவிடாது. 60 முதல் 90 நாள்களுக்குள் தவறிய பகுதிக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். வயதில் மூத்தவர்களுக்குச் சலுகைகளும் உண்டு. 50 வயதுக்கு மேல் 20 ஆண்டுகள் கிரீன் கார்டில் இருந்தவர்களும், 55 வயதுக்கு மேல் 15 ஆண்டுகள் இருந்தவர்களும் ஆங்கிலத் தேர்வு இல்லாமல், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தமிழிலேயே குடிமையியல் தேர்வை எழுதாமல் வாயால் சொல்லி முடிக்கலாம்.

கணவர் என்ன செய்யலாம்?

பல வீடுகளில் கணவரே படிவத்தை நிரப்பி, "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று நீட்டுவார். மனைவி அதைப் படிக்காமலே போட்டுவிடுவார். நேர்காணல் நாளில் அந்தப் படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் மனைவி. அதனால் நிரப்பும் வேலையை இருவரும் சேர்ந்தே செய்யுங்கள். மனைவி வாசிக்கட்டும், கணவர் தட்டச்சு செய்யட்டும்.

நேர்காணலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது தினமும் 15 நிமிடம், சாப்பாடு முடிந்ததும், கணவர் அதிகாரியாக உட்கார்ந்து ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்கலாம். பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. அவர்களுடைய அமெரிக்க உச்சரிப்புக்குக் காது பழகும். ஒரே நிபந்தனை: மனைவி யோசிக்கும்போது குறுக்கே புகுந்து பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "அவளுக்கு இங்கிலீஷ் வராதுங்க" என்று நண்பர்கள் முன்னால் சொல்லும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். அறைக்குள் போகும்போது அந்த வாக்கியமும் அவரோடு கூடவே போகும்.

உறவில் விரிசல் வந்தால்?

சொல்லத் தயங்கும் விஷயம்தான். ஆனால் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டு வழி திருமணத்தை நம்பி இருப்பது. உறுதிமொழி எடுக்கும் முன் விவாகரத்து ஆனாலோ, கணவர் இறந்துவிட்டாலோ அந்த வழி மூடிவிடும். ஆனால், முழுமையான கிரீன் கார்டு கையில் இருந்தால் ஐந்தாண்டு வழி அவருக்குத் திறந்தே இருக்கும். அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். கணவரின் கொடுமையால் தனியாக விண்ணப்பித்து கிரீன் கார்டு பெற்ற பெண்களுக்கு, சேர்ந்து வாழவில்லை என்றாலும் மூன்றாண்டுச் சலுகை உண்டு.

'நான் கையெழுத்துப் போடலைன்னா நீ ஊருக்குத்தான் போகணும்' என்று யாராவது மிரட்டினால், அது உண்மையா என்று ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமோ இலவச சட்ட உதவி அமைப்பிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233, நாள் முழுதும் இயங்குகிறது.

இந்தியப் பாஸ்போர்ட் என்ன ஆகும்?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதுமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். அதன்பின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அதை ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்று, ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஓ.சி.ஐ. இருந்தால் ஆயுள் முழுதும் விசா இல்லாமல் ஊருக்கு வரலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது. விவசாய நிலத்தைப் புதிதாக வாங்கவோ, தானமாகப் பெறவோ முடியாது. வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்போதே இந்தக் கட்டுப்பாடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெற்றோரின் நிலம் வாரிசாக வருவதற்குத் தடையில்லை. அப்பா உங்கள் பெயருக்கு நஞ்சையைத் தான செட்டில்மென்ட் எழுதுவதாக இருந்தால் மட்டும் முதலில் வக்கீலிடம் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவது என்பது பலருக்கு மனசு கேட்காத காரியம். வீட்டில் பேசி, அழுது, முடிவெடுக்க நேரம் கொடுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு முடிவுதான். கிரீன் கார்டிலேயே தொடர்ந்து வாழச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த முடிவு, தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும்; தள்ளிப்போட்டதால் வந்ததாக இருக்கக் கூடாது.

உறுதிமொழி நாளில் கவனிக்க வேண்டியவை

நேர்காணலில் தேறியதோடு குடிமகளாகிவிட மாட்டீர்கள். உறுதிமொழி எடுக்கும் அந்த நிமிடத்தில்தான் ஆவீர்கள். இடைப்பட்ட நாள்களில் வெளிநாடு போனீர்களா, வழக்கு ஏதும் வந்ததா என்று அன்று மறுபடி கேட்பார்கள். கிரீன் கார்டை அங்கேயே வாங்கிக்கொண்டு குடியுரிமைச் சான்றிதழைத் தருவார்கள். அரங்கத்தை விட்டுக் கிளம்பும் முன், பெயரின் எழுத்துக்கூட்டலையும் பிறந்த தேதியையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

அதன்பின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த மூலச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் வரும்வரை வெளிநாடு போக முடியாது. வந்த பிறகும் ஊருக்குப் போக விசாவோ ஓ.சி.ஐ.யோ வேண்டும். எனவே, தம்பி கல்யாணம், அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி மாதிரி விசேஷங்கள் அருகில் இருந்தால் தேதிகளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் விவரத்தை மாற்றுங்கள். வாக்காளராகப் பதியுங்கள். பெற்றோருக்காக விண்ணப்பிக்கும் உரிமையும் உறுதிமொழி எடுத்த நாளிலேயே உங்களுக்கு வந்துவிடுகிறது. 21 வயது நிரம்பிய குடிமகள் தன் பெற்றோருக்கு விண்ணப்பித்தால் அதற்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை; வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. அப்பா, அம்மா வர விரும்புகிறார்களா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். கேட்கும் இடத்தில் மகள் இருக்கிறாள், அதுதான் முக்கியம்.